விலையைக் கேட்டால் விலையைச் சொல்லுங்கள்: வன்னிச் சிறுவியாபாரிகளுக்கு பேஸ்புக், வட்ஸ்அப் பற்றிச் சில யோசனைகள்

"விலை எவ்வளவு அண்ணை?" என்று பேஸ்புக்கில் ஒருவர் கேட்கிறார். "இன்பொக்ஸ் வாங்கோ" என்று பதில் போகிறது. அடுத்தவர் கேட்கிறார், அவருக்கும் அதே பதில். கிளிநொச்சிச் சந்தையில் கருவாடு விலை கேட்டவரைக் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காதுக்குள் விலை சொன்னால் அந்த மனிசன் என்ன நினைப்பார்? அதையேதான் பேஸ்புக்கிலும் நினைக்கிறார்: ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள், லண்டன் நம்பர் என்றால் கூட்டியும் சொல்வார்கள். போட்டிக் கடைக்காரர் விலையைப் பார்த்துவிடுவார் என்று பயப்படுகிறீர்களா? அவர் தன் மச்சாளைக் கொண்டு உங்களிடம் எப்போதோ கேட்டு அறிந்துவிட்டார்.

ஆகவே முதல் வேலை இது. இன்றைக்கே உங்கள் பழைய போஸ்ட்களைத் திறந்து விலை, நிறை, எங்கே வந்து எடுக்கலாம், அனுப்புகிற செலவு எவ்வளவு என்ற நான்கையும் எழுதிவிடுங்கள். மீன், மரக்கறி மாதிரி விலை ஏறி இறங்குகிற சாமான் என்றால் திகதியோடு "இன்றைய விலை" என்று போடுங்கள், கூடினால் ஏன் கூடியது என்று ஒரு வரி சேருங்கள். "காற்று, கடலுக்குப் போகேல்லை" என்றால் வன்னியில் எல்லாருக்கும் விளங்கும், ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இதை நான் எழுதுவது சின்னதாக ஏதாவது செய்து விற்கிறவர்களுக்கு. முல்லைத்தீவுக் கருவாடு, மொட்டைக்கறுப்பன் அரிசி, எருமைத் தயிர், கச்சான், பனங்கட்டி, புழுக்கொடியல், வீட்டில் செய்கிற கேக், தையல், கோழிக்குஞ்சு, எதுவானாலும் சரி. பெரிய கம்பனிகளுக்குச் சொல்கிற புத்திமதி எங்களுக்குப் பொருந்தாது. ஆயிரம் லைக் வந்தாலும் அதைக் கொண்டுபோய் அரிசி வாங்க முடியாது. போன மாதம் உங்களிடம் வாங்கின நாற்பது பேர் இந்த மாதமும் வாங்கி, அதில் நாலு பேர் தங்கள் சொந்தக்காரருக்கும் சொன்னால் கடை ஓடும். பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் எங்களுக்கு உதவுவது அந்த நாற்பது பேரைக் கைவிடாமல் வைத்திருக்கத்தான். புது ஆட்களைப் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. வன்னியில் இன்னொன்றும் இருக்கிறது, இங்கே யாரும் விளம்பரத்தை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. "ஆரின்ர கடை? எந்த இடம்?" என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் காசு போடுவார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் ஏற்கெனவே உங்களிடம் வாங்கினவராக இருப்பார், அவர் என்ன சொல்வார் என்பதுதான் கேள்வி.

தொடக்க வேலைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். சொந்தப் பேஸ்புக் கணக்கில் வியாபாரம் செய்யாமல் தனியாக ஒரு பேஜ் திறவுங்கள், சொந்தக் கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது, போதாததற்குப் பிள்ளையின் பிறந்தநாள் படமும் கருவாட்டுப் படமும் ஒன்றாகக் கிடக்கும். வட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற செயலி 2018 முதல் இலவசமாக இருக்கிறது, அதைத் தனி சிம்மில் போடுங்கள். கூகுள் வரைபடத்தில் கடையின் இடத்தைக் குறித்துவிடுங்கள், ஏ9 வீதியால் போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் நிற்பார்கள். டிக்டொக் விருப்பமென்றால் செய்யுங்கள், ஆனால் அங்கே வருகிற கேள்விகளுக்கும் பதில் சொல்ல ஆள் இருந்தால் மட்டும். பதில் வராத கடை மூடின கடைதான்.

வட்ஸ்அப் பிஸ்னஸில் நான் அவசியம் என்று நினைப்பவை மூன்று. கற்றலொக் என்ற இடத்தில் சாமான்களைப் படம், விலையோடு அடுக்கி வைக்கலாம், "என்ன இருக்கு?" என்று கேட்கிறவருக்கு ஒரே அழுத்தில் அனுப்பலாம். அடிக்கடி எழுதுகிற பதில்களை, வங்கிக் கணக்கு விபரம், பஸ்ஸில் அனுப்புகிற முறை, கடை திறக்கிற நேரம் மாதிரியானவற்றை, குயிக் ரிப்ளை என்று சேமித்து வைத்தால் ஒரு சாய்கோடு தட்டியதும் வந்து நிற்கும். மூன்றாவது லேபல்: "காசு வரவேண்டும்", "பார்சல் கட்டவேண்டும்", "அனுப்பியாச்சு" என்று உரையாடல்களுக்கு நிறம் போட்டுப் பிரிக்கலாம். தானாகப் போகிற வரவேற்புச் செய்தியும் இருக்கிறது, அதைப் போடுவதென்றால் உங்கள் வாய்ப்பேச்சில் எழுதுங்கள். "தங்கள் செய்திக்கு நன்றி, எமது பிரதிநிதி விரைவில் தொடர்புகொள்வார்" என்று புதுக்குடியிருப்பில் தயிர் விற்கிறவர் எழுதினால் சிரிப்புத்தான் வரும். "வணக்கம், நான் இப்ப பட்டியில நிக்கிறன், ஆறு மணிக்குப் பிறகு பதில் போடுறன்" என்றால் போதும், ஆறு மணிக்குப் பிறகு போடவும் வேண்டும்.

பெயரைச் சேமிக்கிற விதம்

இது மிகச் சின்ன விடயம், ஆனால் இதைச் செய்கிறவர்கள் குறைவு. வாங்குகிறவரின் நம்பரைப் பெயரை மட்டும் போட்டுச் சேமிக்காதீர்கள். ஊர், என்ன வாங்கினார், என்ன விருப்பம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். "மல்லாவி ரீச்சர் – உறைப்புக் குறைவு." "ஓமந்தை அண்ணை – நெத்தலி மட்டும்." "ஸ்கார்புரோ அக்கா – அம்மா விசுவமடு." மூன்று மாதம் கழித்து அந்த ரீச்சர் கோல் எடுக்கும்போது திரையில் அது விழும், "ரீச்சர், உறைப்புக் குறைச்சுத்தானே?" என்று நீங்கள் கேட்பீர்கள், அதற்குப் பிறகு அவர் வேறு இடத்தில் மிளகாய்த்தூள் வாங்குவாரா என்று பாருங்கள். ஊர்க்கடை முதலாளிமார் இதைத் தலைக்குள் வைத்திருந்தார்கள். எங்களுக்கு போன் இருக்கிறது.

விற்றபிறகு அனுப்பும் செய்தி

காசு வந்தது, சாமான் போனது, கதை முடிந்தது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். எனக்கென்றால் அங்கேதான் வேலை தொடங்குகிறது. பார்சல் போய் இரண்டு நாளில் ஒரு செய்தி போடுங்கள், அதில் எதையும் விற்காதீர்கள்:

"வணக்கம் அக்கா, செவ்வாய் அனுப்பின பார்சல் கிடைச்சுதோ? மழை நாள் எண்டபடியால் கருவாட்டை ஒருக்கா வெயில் காட்டிப்போட்டுப் போத்தலில போட்டு வையுங்கோ."

அவ்வளவுதான். "எங்கள் சேவையை மதிப்பிடுங்கள்" வேண்டாம், ஐந்து நட்சத்திரம் கேட்க வேண்டாம். சாமானை எப்படி வைத்திருப்பது, எப்படிச் சமைப்பது என்று உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். மொட்டைக்கறுப்பன் வாங்கினவருக்கு அது ஊறவேண்டும், வெள்ளை அரிசி மாதிரி உடனே வேகாது என்று சொல்லாவிட்டால், அவர் வேகாத சோற்றைத் தின்றுவிட்டு அரிசி சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்வார். பிழை அரிசியில் இல்லை, நீங்கள் சொல்லாததில்.

வயது போன ஆட்களுக்கு வொய்ஸ் மெசேஜ் நல்லது. அரை நிமிடத்துக்குள் முடியுங்கள், பின்னால் கோழி கூவினாலும் பரவாயில்லை. ஆனால் விலையையும் கணக்கு இலக்கத்தையும் குரலில் மட்டும் சொல்லி விடாதீர்கள், எழுத்திலும் போடுங்கள், பிறகு தேடி எடுக்க அதுதான் உதவும். சண்டை வந்தால் காட்டவும் அதுதான் உதவும்.

குறூப் வேண்டாம், புரோட்காஸ்ட் போதும்

புதுச் சாமான் வந்ததும் வாங்கினவர்கள் எல்லாரையும் ஒரு வட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். குறூப்பில் ஒருவர் நம்பர் எல்லாருக்கும் தெரியும். உங்களை நம்பித் தந்த ஒரு பெண்ணின் நம்பரை முன்பின் தெரியாத ஆம்பிளைகள் ஐம்பது பேருக்குக் கொடுத்த மாதிரித்தான், இரவு பத்து மணிக்கு "ஹாய்" வரத் தொடங்கினால் அவர் உங்களையும் சேர்த்து புளொக் பண்ணுவார். இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது மரியாதைக் குறைவு.

புரோட்காஸ்ட் பட்டியல் என்றால் ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். ஒரேயொரு சிக்கல், உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச்சேரும். அதனால் முதல் ஓடரிலேயே "என்ர நம்பரை சேவ் பண்ணி விடுங்கோ, புதுசு வந்தால் சொல்லுவன்" என்று சொல்லுங்கள், பையிலும் போத்தலிலும் நம்பரை ஒட்டுங்கள். கிழமைக்கு ஒன்றுக்கு மேல் அனுப்பாதீர்கள். வேண்டாம் என்றவரை அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், ஏன் என்று கேட்கவும் வேண்டாம். தினமும் காலை வணக்கப் படம் அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

வெளிநாட்டில் காசு, ஊரில் பார்சல்

வன்னியில் இது பெரிய விடயம், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மகள் டொரன்டோவில் இருக்கிறார், அம்மா தர்மபுரத்தில். அம்மாவின் பிறந்தநாளுக்கு கேக்கும் சேலையும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறார். இங்கே உங்களுக்கு வாடிக்கையாளர் ஒருவரல்ல, இருவர். காசு போடுகிறவர் சாமானைக் காணமாட்டார், பார்சல் கிடைக்கிறவர் விலையைக் காணமாட்டார். இரண்டு பேரையும் கவனிக்கிறவருக்குத்தான் அடுத்த ஓடர்.

நேரம் முதலில். கிளிநொச்சியில் இரவு 8 மணி என்றால் டொரன்டோவில் கோடைகாலத்தில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. லண்டனில் பின்னேரம் 3.30 அல்லது 2.30. பாரிஸ், சூரிச் என்றால் அதற்கு ஒரு மணித்தியாலம் கூட்டுங்கள். வெளிநாட்டு ஆட்களுக்கான போஸ்ட்டை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் போனோடு இருந்தால், கேள்விகளுக்கு அப்போதே பதில் சொல்லிவிடலாம். காலையில் எழும்பிப் பார்த்துப் பதில் போட்டால் லண்டன், பாரிஸில் அவர் நித்திரை, அதற்குள் வேறு ஒருவரிடம் கேட்டிருப்பார்.

அப்புறம் முகவரி. எங்கள் ஊர்களில் வீட்டு இலக்கத்தை வைத்து வீடு கண்டுபிடிக்க முடியாது. எந்தச் சந்தி, எந்தக் கோவில், எந்தப் பக்கத்து ஒழுங்கை, வீட்டுக்காரரை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பார்சல் கிடைக்கிறவரின் போன் நம்பரையும், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருடையதையும் கேளுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் குளம் வான் பாய்ந்து பாதை மறிபடலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பிறகு சொன்னால் அது சாட்டு, முதலே சொன்னால் அது தகவல்.

கொடுத்ததும் ஒரு படம் எடுத்துக் காசு போட்டவருக்கு அனுப்புவீர்கள், சரி. அதே படத்தைப் பேஜில் போடலாமா? இருவரிடமும் தனித்தனியாகக் கேட்காமல் போடவே கூடாது. அம்மா அழுகிற முகத்தைக் கிட்டப் பிடித்து, பின்னால் சோகப் பாட்டுப் போட்டு டிக்டொக்கில் விடுகிறார்கள், பார்வை நிறைய வரும். எனக்கு இது கொஞ்சமும் பிடிப்பதில்லை. போரில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் வாழ்கிற இடம் இது, தனியாக இருக்கிற பெண்கள் நிறையப் பேர். "இந்த வீட்டுக்கு வெளிநாட்டுக் காசு வருகிறது, ஆம்பிளை இல்லை" என்று வீட்டு முகப்போடு ஊருக்கே காட்டுவது அவர்களுக்கு ஆபத்து. படம் போட ஆசையென்றால் கேக்கைப் போடுங்கள், சேலையைப் போடுங்கள், கை மட்டும் தெரிந்தால் போதும்.

காசு விடயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். வங்கி ஸ்லிப்பின் படம் காசு இல்லை. படத்தைத் திருத்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் பார்சல். இதை மனம் நோகாமல் சொல்ல ஒரு வழி, எல்லாருக்கும் ஒரே வசனத்தைச் சொல்வது: "காசு கணக்கில விழுந்ததும் உங்களுக்கு மெசேஜ் போட்டிட்டுத்தான் அனுப்புவன்." தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரித்தால்தான் கோபம் வரும்.

குறை சொல்லி ஒருவர் எழுதினால்

கொமெண்டில் ஒருவர் எழுதுகிறார்: "போன தடவை வந்த கருவாடு ஈரம், மணக்குது." உடனே கை துடிக்கும், அழிக்க. அழிக்காதீர்கள், அதை ஏற்கெனவே ஸ்கிரீன்ஷொட் எடுத்திருப்பார்கள். "நீங்கள் வைச்ச விதம் பிழை" என்றும் எழுதாதீர்கள், அது உண்மையாக இருந்தாலும். எல்லாரும் பார்க்கிற இடத்தில் இரண்டு வரி: "மன்னிக்கோணும் அண்ணை. ஒரு படம் இன்பொக்ஸில் அனுப்புங்கோ, இண்டைக்கே பார்க்கிறன்." இன்பொக்ஸ் என்ற சொல் பொருந்துகிற இடம் இதுதான். உள்ளே போய் எந்த நாள் அனுப்பியது, எந்த மூட்டை என்று பாருங்கள். மாற்றித் தருவதா, காசைத் திருப்புவதா என்பதை அவரையே தெரிவுசெய்ய விடுங்கள். முடிந்ததும் திரும்பவும் அதே கொமெண்டுக்குக் கீழே வந்து "மாத்தி அனுப்பியாச்சு, நன்றி அண்ணை" என்று எழுதுங்கள். இந்தக் கடைசி வரியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள், புதிதாக வருகிறவர் பார்ப்பதோ அதைத்தான்.

அதே நாளில் அதே மூட்டையில் வாங்கின மற்றவர்களுக்கும் நீங்களாகவே ஒரு செய்தி போட்டுக் கேளுங்கள். ஒன்றிரண்டு பேருக்குக் காசு திருப்ப வேண்டி வரலாம். பரவாயில்லை.

வேண்டுமென்றே வம்புக்கு வருகிறவரும் இருப்பார், ஒரு நாளும் வாங்கியிருக்க மாட்டார். ஒருமுறை மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு விடுங்கள். தூஷணம் என்றால் மறைத்துவிடலாம், பேஸ்புக்கில் கொமெண்டை அழிக்காமலே மறைக்கிற வசதி இருக்கிறது.

கடன்

வன்னியில் கடன் இல்லாத வியாபாரம் இல்லை. விதைப்புக் காலத்தில் கையில் காசு இருக்காது, காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில்தான் வரும். கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் முடிவு, கேட்கிற விதத்தை மட்டும் சொல்கிறேன். கொடுக்கும்போதே தொகையையும் நாளையும் வட்ஸ்அப்பில் எழுதி, அவரிடமிருந்து ஒரு "ஓம்" வாங்கிவிடுங்கள். நாள் வந்ததும் தனியாக, பகலில்: "அண்ணை, போன மாதக் கணக்கு 3,200. இந்தக் கிழமை ஏலுமெண்டால் பாருங்கோ, இல்லாட்டி எப்ப எண்டு சொல்லுங்கோ." ஸ்டேட்டஸில் ஜாடை மாடையாகப் போடுவது, "சிலபேர் வாங்கினால் தருவதில்லை" என்று பேஜில் எழுதுவது, இவற்றால் ஒரு சதமும் வராது. கடன் வாங்காதவரும் "என்னைத்தான் சொல்கிறானோ" என்று நினைத்து விலகுவார்.

எந்த நாளில் பேசாமல் இருப்பது

தைப்பொங்கல், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, நல்லூர்க் காலத்தில் ஏ9 வீதியால் போகிற கூட்டம், இவற்றுக்கு ஒரு மாதம் முன்பே ஓடர் எடுக்கத் தொடங்கலாம், பேஸ்புக்கில் போஸ்ட்டை நாள் குறித்து முன்கூட்டியே எழுதி வைக்கவும் முடியும். அந்த வசதியால்தான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. மே மாதம் 12 முதல் 18 வரை ஊரில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைத்துக் கஞ்சி வார்க்கிற கிழமை. அந்த நாட்களில் "அதிரடி விலைக்கழிவு" என்று நிறநிறமாக உங்கள் போஸ்ட் தானாகப் போய் விழுந்தால், அதை ஒருவரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், மனதில் வைத்திருப்பார்கள். மாவீரர் நாள் வருகிற நவம்பர் கடைசியும் அப்படித்தான். ஊரில் சாவீடு நடக்கிற நாளில் லைவ் போட்டு விற்காமல் இருப்பதையும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வவுனியாப் பக்கம் கடை வைத்திருப்பவர்களும் ஏ9 வீதியில் இருப்பவர்களும் விலையையும் சாமான் பெயரையும் சிங்களத்திலும் போடுங்கள், ஆனால் போன் மொழிபெயர்த்ததை அப்படியே போடாமல் சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். பேஸ்புக்குக்குக் காசு கட்டிப் போஸ்ட்டைக் கூடப் பேருக்குக் காட்டுவதை, அதாவது பூஸ்ட் பண்ணுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்: பழைய வாடிக்கையாளர்களே திருப்பி வாங்காத சாமானுக்குக் காசு கட்டாதீர்கள், கட்டினால் இலங்கை முழுதும் என்று விடாமல் உங்களால் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரத்தை மட்டும் தெரிவுசெய்யுங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. "உங்கள் பேஜ் விதியை மீறிவிட்டது, 24 மணித்தியாலத்தில் மூடப்படும்" என்று இன்பொக்ஸில் வருகிற லிங்க்கை அழுத்தாதீர்கள், அது பேஸ்புக் அனுப்புவதில்லை. போனுக்கு வருகிற ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், உங்கள் தம்பி பெயரிலிருந்து கேட்டு வந்தாலும், கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் உங்கள் வட்ஸ்அப் அவர்கள் கையில், பிறகு உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளர்களிடம் அவசரக் காசு கேட்பார்கள். வட்ஸ்அப் செட்டிங்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இப்போதே போடுங்கள். நம்பர்களை கூகுள் கணக்கில் சேமித்துவிட்டு, முக்கியமான ஐம்பது பேரின் நம்பரை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள், போன் எந்த நாள் வாய்க்காலுக்குள் விழும் என்று யாருக்குத் தெரியும்.